செலினியமா, பிளேரைட்டா?

மட்டக்களப்பில் மென்பொருள் சோதனை பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இரண்டும் பிரவுசரைத் தானாக இயக்கி இணையப் பக்கங்களைச் சோதிக்கும் கருவிகள். பாசிக்குடா விடுதி ஒன்றின் முன்பதிவுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திகதியைத் தெரிவுசெய்து, விலை வந்த பிறகுதான் 'பதிவு செய்' பொத்தான் வேலை செய்யும். 2020இல் மைக்ரோசொஃப்ட் வெளியிட்ட பிளேரைட்டில், அந்தப் பொத்தானை அழுத்த, கிளிக் என்று ஒரு வரி போதும். பொத்தான் தெரிந்து, அசையாமல் நின்று, அழுத்தக்கூடியதாகும் வரை அதுவே காத்திருக்கும். செலினியத்தில் அந்தக் காத்திருப்பை வெப்டிரைவர்வெயிட் என்ற கட்டளை கொண்டு நாமே எழுதவேண்டும். அதை விட்டு, குறித்த வினாடிகள் மட்டும் நிற்கும் ஸ்லீப் போட்டால், இணைப்பு மந்தமான நாளில் சோதனைகள் வரிசையாக விழும். விழுந்த சோதனையைப் பிளேரைட்டின் டிரேஸ் வியூவரில் படிப்படியாகத் திரும்பப் பார்க்கலாம்; அதற்காகவே எனக்குப் பிளேரைட் பிடிக்கும்.

சரி, செலினியம் பழசா? 2004இல் தொடங்கியதுதான். ஆனால் அது பிரவுசருக்குக் கட்டளையிடும் முறையான வெப்டிரைவர், 2018 முதல் இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தரநிலை. மேக்கில் செலினியம் உண்மையான சஃபாரியையே இயக்கும். பிளேரைட் தருவது சஃபாரியின் உள்ளே இருக்கும் இயந்திரமான வெப்கிட்டைத் தனியாகத் தொகுத்த பதிப்பு. பிரவுசரோடு இணைக்கும் டிரைவரைத் தேடி இறக்கும் தொல்லையும் செலினியம் 4.6 பதிப்போடு தீர்ந்தது. சேரப்போகும் இடத்தில் ஏற்கெனவே செலினியம் ஓடினால் அதையே பழகுங்கள். புதிதாகத் தொடங்குவதென்றால் பிளேரைட்தான். கைபேசி டேட்டாவில் பிளேரைட்டை நிறுவுபவர்கள் குரோமியம் மட்டும் என்று குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் குரோமியம், ஃபயர்பொக்ஸ், வெப்கிட் மூன்றையும் இறக்கிவிடும்.