டேலியா கிழங்கு வாங்குகிறீர்களா? கழுத்தைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

புரட்டாசி பிறந்ததும் அதே படங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டன. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு டேலியா பூக்கள். ஒன்று கருஞ்சிவப்பு, ஒன்று பாதி வெள்ளை பாதி ஊதா, ஒன்று பளீர் நீலம். போன வருடம் இந்தப் படங்களை நம்பித்தான் ஆறு கிழங்குக்கு 1,450 ரூபாய் அனுப்பி ஏமாந்தேன்.

நான் இருப்பது கோவை. ஐப்பசி மழையில் எங்கள் மாடியில் செண்டுமல்லி சாய்ந்துவிடும், டிசம்பர் பூவும் மார்கழியோடு அடங்கிவிடும். தை, மாசியில் ஏதாவது பெரிதாகப் பூக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. டேலியா மெக்சிகோ மலைப்பகுதிச் செடி, குளிர் வேண்டும். ஊட்டியில் வீட்டு வாசலிலேயே பூத்து நிற்கும். நம்மைப் போன்ற சமவெளிக்காரர்களுக்கு மழையோடு நட்டுப் பனியில் பூ பார்க்க வருடத்துக்கு ஒரே ஒரு வாய்ப்புதான். விற்பவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும்.

பார்சல் வந்தது. ஈரச் செய்தித்தாளில் சுற்றிய ஆறு கிழங்குகள், கொழுகொழுவென்று. செம்மண், மண்புழு உரம், தென்னைநார்க் கழிவு எல்லாம் கலந்து பைகளில் நட்டேன். இருபது நாள் கழித்து ஒரே ஒரு பையில் முளை வந்தது. மற்ற ஐந்தைப் பற்றி விற்றவரிடம் கேட்டதற்கு, "ரேர் வெரைட்டி மேடம், லேட்டாத்தான் வரும்" என்றார். நாற்பது நாள் ஆனதும், "நீங்க தண்ணி அதிகமா ஊத்திட்டீங்க" என்றார்.

சரி, அழுகிவிட்டதா பார்ப்போம் என்று ஒன்றைத் தோண்டினேன். அழுகவே இல்லை. கல்லுப் போல இருந்தது. அடியில் மயிர் மாதிரி வெள்ளை வேர்கூட விட்டிருந்தது. மேல் நுனிதான் கத்தியால் சீவியது போல மொட்டையாக இருந்தது. பக்கத்து வீட்டம்மா கோத்தகிரியில் பிறந்து வளர்ந்தவர். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தவுடனே சொன்னார்: "இது எப்படிம்மா முளைக்கும்? கழுத்தையே வெட்டிட்டாங்களே!"

விஷயம் இதுதான். உருளைக்கிழங்கு தண்டு வகை, அதில் எங்கு பார்த்தாலும் கண், அதாவது முளை கிளம்பும் இடம், இருக்கும். டேலியா கிழங்கு பருத்த வேர், அதன் உடம்பில் கண்ணே கிடையாது. பழைய தண்டின் அடியில், கிழங்கின் கழுத்து வந்து சேரும் இடத்தில்தான் கண் இருக்கும். அந்தத் தண்டுப் பகுதி ஒரு துண்டாவது ஒட்டியிருந்தால்தான் முளை வரும். இல்லாத கிழங்கு மாதக்கணக்கில் மண்ணுக்குள் கெட்டியாகவே கிடக்கும், வேரும் விடும், ஆனால் செடியாகாது. நாம் இன்று வரும் நாளை வரும் என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்போம். அதற்குள் பருவம் போய்விடும். மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் கண் பார்த்து விதைக்கிழங்கு எடுக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் விட்டேனே என்பதுதான் இன்னும் மனதை அறுக்கிறது.

முளைத்த அந்த ஒன்று தை கடைசியில் பூத்தது. கருஞ்சிவப்பு அடுக்குப் பூ என்று விற்றது. வந்ததோ எட்டே இதழ், நடுவில் மஞ்சள், வெளிர் ரோஸ் நிறம். பூ அழகுதான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படம் அனுப்பியதும், "உங்க மண்ணுக்கு அப்படி மாறிடுச்சு" என்று பதில் வந்தது. மண்ணைப் பொறுத்து நீலமும் ரோஸுமாக மாறுவது ஹைட்ரேஞ்சியா என்ற வேறு பூச்செடி. டேலியா கிழங்கில் தாய்ச்செடியின் பூதான் வரும். வெயிலில் நிறம் கொஞ்சம் வெளிறலாம், அடுக்குப் பூ எட்டிதழ் ஆகாது. அப்புறம் அந்த நீலம். உண்மையான நீல டேலியா உலகத்தில் எங்குமே இல்லை. நீல டேலியா படம் போட்டு விற்கிறவரிடம் வேறு எந்த நிறமும் வாங்காதீர்கள்.

வாங்கியே ஆகவேண்டும் என்றால் முளை விட்ட கிழங்காகவோ தொட்டிச் செடியாகவோ வாங்குங்கள். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள். என்னிடம் அது இல்லை. பணம் போய்விட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லலாம்.

போன வாரம் என் தங்கை எண்ணிலிருந்து அதே ஆளிடம் விலை கேட்டேன். உடனே யூபிஐ எண் வந்தது. கிழங்கின் கழுத்து தெளிவாகத் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டோம். நீல டிக் விழுந்தது. இன்றுவரை பதில் இல்லை.