வேலை போச்சு, கார்டு பாக்கி நிக்குது: குறைந்தபட்சத் தொகையா, ஏகேபிகேவா?

கோலாலம்பூரில் வேலை போனதும் பலர் கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி ஓட்டுகிறார்கள். 10,000 வெள்ளி பாக்கிக்கு 5 விழுக்காடு, 500 வெள்ளி. ஆண்டு வட்டி 18 விழுக்காடென்றால் அதில் ஏறக்குறைய 150 வட்டிக்கே போய்விடும். அடுத்த வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சரி. இல்லையென்றால் சேமிப்பு கரையும்.

ஏகேபிகே என்பது கடன் ஆலோசனை அமைப்பு; மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது. ஆலோசனை இலவசம். (கமிஷன் கேட்கும் கடன் ஏஜெண்டுகளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.) பாக்கிகளைச் சேர்த்து, கட்டக்கூடிய மாதத் தவணையாக்க வங்கிகளிடம் பேசுவார்கள். கார்டை மறந்துவிட வேண்டும்; வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவிலும் தெரியும். சிக்கல் என்னவென்றால், வீட்டுச் செலவு போக ஏதாவது மிஞ்சினால்தான் திட்டத்தில் சேரமுடியும். கிராப் ஓட்டி வரும் காசையும் கணக்கில் காட்டுங்கள். என் ஓட்டு ஏகேபிகேவுக்கே, அதுவும் தவணை தவறுவதற்கு முன்பே. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் வேலையிழப்புக் காப்புறுதிக்கும் மனு போட்டுவிடுங்கள்.