திருகோணமலை என்.சி. வீதிப் பக்கத்து அரைக்கிற மில்: மஞ்சளுக்கு இதுதான்

முழு மஞ்சளைக் குடுத்தா எங்கட கண் முன்னாலயே அரைச்சுத் தருவார் மில்கார ஐயா. மெஷின் சூடேறினா நிப்பாட்டி ஆறவிடுவார். அதால வாசம் போகாது. தூளைத் தொட்ட விரலில நிறம் அடுத்தநாளும் நிக்கும்.

2020இல அரசாங்கம் மஞ்சள் இறக்குமதியை மறிச்சுது. கிலோ 750 ரூபாவுக்கு மேல விக்கக்கூடாதெண்டு கட்டுப்பாட்டு விலையும் போட்டுது. பிறகென்ன, அந்த விலைக்குக் கடையில மஞ்சளே இல்லை! இந்தியாவிலயிருந்து படகில கடத்தினவையை நேவி பிடிச்சது. மஞ்சளை என்ன, தங்கமெண்டு நினைச்சவையோ? விலை ஆயிரக்கணக்கில ஏற, பக்கெற் தூளில மாவும் சேர்ந்துது. ஐயா அப்பவும் கலப்படம் செய்யேல்லை.

சனிக்கிழமை போகாதேங்கோ, சரியான சனம். மிளகாய்க்குப் பிறகெண்டா மெஷினைத் துடைக்கச் சொல்லுங்கோ.