நண்பகல் பேய்க்கு இரண்டு வைத்தியம்

மனச்சோர்வுக்குக் கிறிஸ்தவம் ஒரே வைத்தியத்தைச் சொன்னதில்லை. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் இருந்த துறவி எவாக்ரியுஸ் சொன்னது ஒன்று, 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் சொன்னது வேறொன்று.

எவாக்ரியுஸ் இதை 'அகேடியா' என்றார், எதிலும் மனம் ஒட்டாத சலிப்பு; அதைக் கொண்டுவருவது நண்பகல் பேய். (நம் வேதாகமத்தில் 91ஆம் சங்கீதம் 'மத்தியானத்தில் பாழாக்கும் சங்காரம்' என்கிறதே, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது பேய்தான்.) அவர் காட்டும் துறவி சன்னலையே பார்க்கிறான். வெளியே வந்து சூரியனை அண்ணாந்து பார்த்து, சாப்பாட்டு வேளையான மூன்று மணிக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடுகிறான். சகோதரர் யாராவது வருகிறாரா என்று எட்டிப் பார்க்கிறான். பகல் ஐம்பது மணி நேரமாக நீள்கிறது. மருந்து? அறையை விட்டு நகராதே. அழு, ஜெபி, பொறுத்திரு.

லூதர் நேர் எதிர். தானும் அந்த இருட்டில் கிடந்தவர். 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து, தன் மகனுக்குப் பாடம் சொன்ன ஹிரோனிமஸ் வெல்லருக்கு எழுதுகிறார்: தனிமையை விட்டு ஓடு, நாலு பேரோடு சேர், கேலி பேசு, பிசாசு குடிக்காதே என்றால் அதற்காகவே குடி!

சலிப்புக்கு எவாக்ரியுஸ் சரி. ஆனால் மனம் நொறுங்கிக் கிடப்பவரை அறைக்குள் தனியே விட எனக்குத் துணிவில்லை. லூதர் பக்கம்தான் நிற்பேன், அந்தக் குடியை மட்டும் கழித்துவிட்டு.