யானைவேலிப் பெட்டி: ஏழு மாதம் பாவிச்ச பிறகு

முல்லைத்தீவு மாவட்டத்தில ஒட்டுசுட்டான் பக்கம் ரெண்டு ஏக்கர் தென்னங்காணி எனக்கு. போன வருசம் ஒரே இரவில 11 கண்டின்ர குருத்தை உருவித் திண்டிட்டுப் போச்சுது ஒரு அலியன், கொம்பில்லாத ஆண் யானை. அதுக்குப் பிறகுதான் தை மாதம் வவுனியாவில, வேலிக்கம்பிக்கு விட்டு விட்டுக் கறண்ட் அடிக்கிற இந்தச் சோலர் வேலிப் பெட்டியை வாங்கினனான். பெட்டி, பெனல், 12 வோல்ட் பற்றறி மூண்டும் சேர்ந்து ஒரு போக நெல்லுக்காசை விழுங்கிட்டுது.

"யானை கிட்டவும் வராதண்ணை" எண்டான் கடைப் பெடியன். மூண்டாம் கிழமையே வந்தது. விடியப் போய்ப் பாத்தால் நாலு கட்டை உள்பக்கமாச் சரிஞ்சு, கம்பி நிலத்தில. பெட்டி மட்டும் வீட்டு விறாந்தையில டிக், டிக் எண்டு தன்ர கடமையைச் செய்துகொண்டிருக்குது.

பக்கத்துக் காணி அம்மான்தான் தடத்தைக் காட்டினவர். வேலிக்கு வெளியால, மேலயும் கீழயுமா மூண்டு தரம் நடந்திருக்கு. "கம்பி கடிக்கும் எண்டு இதுக்கு வேற எங்கயோ தெரிஞ்சிருக்கடா தம்பி. கட்டை கடிக்காது எண்டதையும் கண்டுபிடிச்சிட்டுது." தும்பிக்கையில பட்டால் யானைக்கு நல்லா உறைக்கும். உள்ளங்கால் தடிச்ச தோல். கொம்பு இருந்தால் கொம்பால கம்பியைத் தூக்கும். எங்கட இலங்கையில கொம்பன் அருமை, அதால காலாலதான் வேலை.

அண்டைக்குப் பின்னேரம் பெட்டியோட வந்த புத்தகத்தை வைச்சிட்டு, வேலிக்கு வெளியால பற்றைக்குள்ள போய் நிண்டு பாத்தன். வெக்கமாப் போச்சு. கட்டை எல்லாம் வெளிப்பக்கம், கம்பி உள்பக்கம். "இந்தா, மிதி" எண்டு நானே குடுத்திருக்கிறன். மூலையில நாயுண்ணிப் பற்றை கம்பியில சாய்ஞ்சு கறண்டைக் குடிச்சுக்கொண்டிருந்தது. கம்பியை வெளிப்பக்கம் மாத்தினன். ஒவ்வொரு கட்டையிலும் ஒரு முழத்துக்குக் கம்பித்துண்டு வெளிய நீட்டி அதுக்கும் கறண்ட் குடுத்தன். கட்டையில கால் வைக்க வாற யானைக்கு முதல் அதுதான் முட்டும்.

இன்னொண்டு. கறண்ட் மண்வழியாப் பெட்டிக்குத் திரும்பி வர நிலத்தில அடிக்கிற ஏர்த் கம்பி, பெட்டியோட ஒண்டே ஒண்டுதான் தந்தவங்கள். ஆடி வெயிலில மண் இறுகினதும் வேலியில வைக்கிற மீற்றரில 7,000 வோல்ட் காட்டினது 2,500க்கு விழுந்திட்டுது. இன்னும் ரெண்டு கம்பி அடிச்சு, பின்னேரத்தில ரெண்டு வாளி தண்ணி ஊத்த 6,000க்கு ஏறினது. இதைக் கடையில ஒருத்தரும் சொல்லேல்லை. பற்றறியைப் பற்றிக் கேட்க எடுத்த போன் கோலையும் தூக்கேல்லை.

பெட்டியில குறை சொல்ல ஏலாது. செக்கனுக்கு ஒருக்கால் ஒரு அடி, உடன விடும். பட்டது பின்வாங்க இடம் இருக்கு. வீட்டு மெயின் கறண்டை நேர வேலிக்குக் குடுக்கிறவங்கள் யானையையும் கொல்லுறாங்கள், இரவில வெளிய போற மனிசரையும் கொல்லுறாங்கள். அந்த வேலையை ஒருத்தரும் பாக்காதேங்கோ.

வேலி மாத்தினாப் பிறகு அலியன் ரெண்டு தரம் வந்து நிண்டு திரும்பினது. இப்ப அம்மானின்ர வாழைக்குள்ளால போகுதாம். நேற்றுப் பெட்டி எங்க வாங்கினனீ எண்டு கேட்டவர்.