கண்டன்சர் போன புல்லட்டுக்கு எஞ்சினை இறக்கச் சொல்கிறார்கள்

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் முனைகள்) வைத்த பழைய 350 புல்லட் பைக் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். 10 கிலோமீட்டர் நன்றாக ஓடும். சூடேறியதும் சைலன்சரில் பட்பட்டென வெடித்து நின்றுவிடும். அரைமணி ஆறவிட்டால் ஒரே கிக்கில் கிளம்பும். இப்படி வந்த ஒரு வண்டிக்குப் பட்டறையில் கார்புரேட்டர் கிட், பிளக், பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயில் என வரிசையாக மாற்றிக் காசு வாங்கினார்கள். அப்படியும் நிற்கவே, "போர் போயிடுச்சு, எஞ்சினை இறக்கணும்" என்றார்கள். போர், அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டர் சுவர், தேய்ந்திருந்தால் நீலப்புகை அடிக்கும், ஆறிய எஞ்சினிலும் கம்ப்ரஷன் குறைவாக இருக்கும். இந்த வண்டியில் இரண்டும் இல்லை.

சூட்டில் நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து கிக் அடியுங்கள். கிளம்பினால் மூடியின் காற்றுத்துளை அடைப்பு, செலவே இல்லை. கிளம்பாவிட்டால் பாயிண்ட் மூடியைக் கழற்றி, நிழலில் நிறுத்தி, இன்னொருவரைக் கிக் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். பாயிண்ட் முனையில் மஞ்சளாகப் பெரிய பொறி பறந்தால், அந்தப் பொறியை அடக்கும் சிறு பாகமான கண்டன்சர் போய்விட்டது. பழையதன் வயரைப் பிரித்துவிட்டு நல்ல கண்டன்சர் ஒன்றை, வயர் பாயிண்ட்டிலும் உடல் எர்த்திலும் (வண்டியின் இரும்பில்) படும்படி வெளியே கட்டி ஓட்டினாலே தெரிந்துவிடும். பட்டறையில் இதை மட்டும் யாரும் தொடவில்லை.

இன்னொரு வில்லங்கம்: 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயிலை மாட்டியிருந்தார்கள். மல்டிமீட்டரை இரண்டு சிறிய டெர்மினல்களிலும் வைத்தால் 12 வோல்ட் காயில் 3 முதல் 4 ஓம் காட்டும். ஒன்றரை ஓம் அளவில் காட்டினால் அது 6 வோல்ட். கரண்ட் இரண்டு மடங்கு இழுத்து, தானும் கொதித்துப் பாயிண்ட்டையும் கருக்கும்.

கருகிய பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து அனுப்புவதும் நடக்கிறது. தாளின் மணல் முனையில் பதிந்துகொள்ளும். புதுசு போட்டால் முனையில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து, முழுதாகத் திறந்த நிலையில் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைக்க வேண்டும். மட்டமான பாயிண்ட்டில், அதைத் திறக்கும் கேமில் உரசும் ஃபைபர் சீக்கிரம் தேயும். இடைவெளி குறையும், டைமிங்கும் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கும். அதனால் 500 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து அளந்துவிடுங்கள். கழற்றிய பழைய பாகங்களைப் பில்லோடு கேட்டு வாங்குங்கள். இந்த வண்டியின் பழைய காயிலை அளந்தபோது 3.4 ஓம். நல்ல காயில்.