கால்நடை மருத்துவத்துக்கு பிளஸ் ஒன்னில் எந்த குரூப்?

மகள் பத்தாவது முடித்த அந்த மே மாதம் எங்கள் வீட்டில் குரூப் பேச்சுதான். மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இல்லை. எட்டாவது படிக்கும்போது எங்கள் மாடு கன்று போட முடியாமல் ராத்திரி முழுக்கத் தவித்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கியிருந்தது. டாக்டர் தோள் வரைக்கும் கையுறை மாட்டி உள்ளே கைவிட்டு அதை நேராக்கும்போது, டார்ச் பிடித்து நின்றவள் அவள்தான். "அப்பா, தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்று என்னைத்தான் விரட்டினாள்.

அவள் படித்த உதவிபெறும் பள்ளியில் இரண்டு வழி இருந்தது. ஒன்று, எல்லோரும் ஃபர்ஸ்ட் குரூப் என்று சொல்லும் உயிரியல்–கணிதம். இன்னொன்று ப்யூர் சயின்ஸ்: இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி-க்கு இரண்டுமே செல்லும், நீட் எழுதவும் இரண்டுமே போதும். உயிரியலோடு கணினி அறிவியல் எடுத்தாலும் தடையில்லை. தொழிற்கல்விப் பிரிவில் வேளாண்மை படித்தவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அப்படிப் போன பிள்ளைகள் யாரையும் எனக்கு நேரில் தெரியாது.

நாங்கள் எடுத்தது ப்யூர் சயின்ஸ். காரணம் கட்-ஆஃப் கணக்கு.

தமிழ்நாட்டில் கால்நடை மருத்துவ இடங்களில் 15 சதவீதம் மட்டும் நீட் வழியாக அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது. மீதியைக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நிரப்புகிறது. கட்-ஆஃப் மொத்தம் 200. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. கணிதத்துக்கு அதில் இடமே இல்லை. பிள்ளை இரண்டு வருஷம் அதிக நேரம் செலவழிக்கிற பாடம் கணக்குதான். அதில் 100-க்கு 100 வாங்கினாலும் இந்தக் கட்-ஆஃப் கால் மார்க்கூட ஏறாது.

ப்யூர் சயின்ஸில் தாவரவியல் 100, விலங்கியல் 100 இரண்டையும் சேர்த்து 100-ஆகக் குறைப்பார்கள். அதாவது நான்கு பாடமும் ஆளுக்கு 50. ஒரு பரீட்சை நாளில் காய்ச்சலோ பதற்றமோ வந்து 4 மார்க் போனால் கட்-ஆஃபில் போவது 2. உயிரியல் ஒரே தாளாக இருந்தால் அதே 4 மார்க் அப்படியே 4 ஆக இறங்கும். அரை மார்க்கில் பல பேர் வரிசையில் முந்திவிடுகிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு தாளிலும் சறுக்கினால் இந்தக் கணக்கு உதவாது என்பதும் உண்மைதான். படிக்க வேண்டியதும் அதிகம். உயிரியலில் தாவரப் பகுதிக்கு 35, விலங்குப் பகுதிக்கு 35 என்று எழுத்துத் தேர்வு முடிந்துவிடும். இங்கே ஒவ்வொன்றுக்கும் முழுசாக 70.

கணக்கு விட்டதற்கு வலி இல்லாமல் இல்லை. பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் இரண்டாவது பாடத்திலேயே வெக்டர், வகைநுண்கணிதம் எல்லாம் வந்துவிடும். ஒருநாள் ராத்திரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "டிஎக்ஸ் பை டிடி-ன்னா என்னன்னு சொல்லாமயே நடத்துறாங்கப்பா" என்று அழுதாள். பக்கத்து வீட்டு இன்ஜினியரிங் பையன் பத்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். நீட்டைக் குறி வைக்கிற பிள்ளைக்கு இந்த இடத்தில் ஃபர்ஸ்ட் குரூப்தான் தெம்பு.

இடம் கிடைக்காவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. கணிதம் இருந்தால் இன்ஜினியரிங் திறந்திருக்கும். அதே பல்கலைக்கழகத்தின் உணவு, பால், கோழியினத் தொழில்நுட்ப பி.டெக் படிப்புகளும் உண்டு. ப்யூர் சயின்ஸில் அவை போய்விடும். பி.எஸ்சி வேளாண்மை, மீன்வளம், நர்சிங், பார்மசி எல்லாம் மிச்சம். உயிரோடு சம்பந்தமில்லாத எதையும் இவள் தொடமாட்டாள் என்பதால் எங்களுக்கு அது இழப்பாகத் தெரியவில்லை. பதினைந்து வயதில் மனசு மாறக்கூடிய பிள்ளை என்றால் நானே ஃபர்ஸ்ட் குரூப் என்றுதான் சொல்வேன்.

மகள் இப்போது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் வருஷம். படிப்பு நாலரை வருஷம், அதன்மேல் ஒரு வருஷம் பயிற்சி. மரபியலில் வருகிற புள்ளியியலைத் தவிர வேறெங்கும் கணக்கு தன்னைத் துரத்தவில்லை என்கிறாள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அடுத்த வருஷம் பத்தாவது முடிக்கும் மகனை ஃபர்ஸ்ட் குரூப்பில்தான் சேர்க்கப்போகிறேன். அவனுக்கும் அக்கா மாதிரியே ஆசை. ஆனால் அவன் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறான், அங்கே ப்யூர் சயின்ஸ் கிடையாது. அதற்காகத் தனியார் பள்ளிக்கு மாற்றினால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு கையைவிட்டுப் போய்விடும். மகள் அந்த ஒதுக்கீட்டில் வரவே இல்லை, உதவிபெறும் பள்ளி அதில் சேராது. அக்காவின் தாவரவியல், விலங்கியல் புத்தகங்களை மட்டும் இப்போதே எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டான்.